வார இதழ் வேலையும் புத்தகம் எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கருத்தரங்குகளிலும், புத்தகக் கண்காட்சி வாசலிலும், ராத்திரி பதினோரு மணி வாட்ஸ்அப்பிலும் என்னிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வார, மாத இதழ்களில் எழுதிக்கொண்டே புத்தகமும் போட நினைக்கிறவர்களுக்கானது இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் பொதுவான நிலையைத்தான் சொல்கிறேன். கையில் நோட்டீஸ் வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள், என்னை அல்ல.

1. பத்திரிகையில சேர ஜர்னலிசம் படிச்சே ஆகணுமா?

வேண்டாம். படித்திருந்தால் கேமரா, பக்க வடிவமைப்பு, ஊடகச் சட்டம் இதிலெல்லாம் ஒரு பழக்கம் இருக்கும், அவ்வளவுதான். தமிழ் இதழ்களில் தாவரவியல் படித்தவர், பாலிடெக்னிக் முடித்தவர், கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்று எல்லோரும் இருப்பார்கள். கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டுவிட்டு வந்தவர். திரு.வி.க.வின் நவசக்தியில்தான் அவருடைய பத்திரிகை வேலை தொடங்கியது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரியான வாய்ப்புகளை விடாதீர்கள். எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம். அங்கே கற்றுக்கொள்கிற முக்கியமான விஷயம், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் கூச்சப்படாமல் நிற்பது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

2. டெய்லி பேப்பர் நிருபரும் வார இதழ் நிருபரும் ஒரே வேலைதானே பார்க்கறாங்க?

இல்லை. ஓர் ஆற்றுப் பாலம் இடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாலம், எத்தனை மணிக்கு, கலெக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் மறுநாள் காலை நாளிதழில் வந்துவிடும். வார இதழ் கடைக்கு வருவதற்குள் அது எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஆகவே வார இதழ் நிருபர் நாலாவது நாள் அக்கரைக்குப் போகிறார். பால் சொசைட்டி காலையில் மூடுவதற்குள் கேனை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், ஆசிரியை எத்தனை கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்கு வருகிறார், இடிவதற்கு முன்பே பாலத்தில் விரிசலைப் பார்த்து மனு கொடுத்தவர் யார் என்று விசாரிக்கிறார். ‘என்ன நடந்தது’ முடிந்த இடத்தில்தான் அவர் வேலை தொடங்குகிறது.

இன்னொரு வித்தியாசம் அச்சு வேலையில் இருக்கிறது. வார இதழ் முழுதும் ஒரே நாளில் அச்சுக்குப் போகாது. பாரம் பாரமாகப் போகும் (பாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கங்களின் தொகுதி). அட்டையும் வண்ணப் பக்கங்களும் முதலில் போய்விடும், சூடான மேட்டருக்கான பக்கங்களைக் கடைசிவரை வைத்திருப்பார்கள். உங்கள் கட்டுரை எந்தப் பாரத்தில் வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் டெட்லைன் உண்மையில் எப்போது என்று தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே லே-அவுட் அண்ணனோடு டீ குடித்துப் பழகிவிடுங்கள்.

3. முதல் தடவை எதை அனுப்பணும்? முழுக் கட்டுரையா, ஐடியாவா?

கதை, கவிதை, நகைச்சுவை என்றால் முழுசாக. கட்டுரை, பேட்டி, கள அறிக்கை என்றால் முதலில் யோசனை. அரைப் பக்கம் போதும்.

‘நெசவாளர் பிரச்சனை பற்றி எழுதட்டுமா?’ என்று கேட்டால் எந்த எடிட்டரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அது தலைப்பு, யோசனை அல்ல. ‘ஆரணியில் ஒரு தெருவில் தறிச் சத்தம் இப்போது ராத்திரியில்தான் கேட்கிறது. பகலில் அத்தனை நெசவாளர்களும் கம்பெனி வேனில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன், ஒருவர் கூலிச் சீட்டைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். வர்ற வியாழக்கிழமைக்குள் தர முடியும்.’ இது உதாரணத்துக்குச் சொன்னதுதான். ஆனால் இதில் இடம் இருக்கிறது, முரண் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, தேதி இருக்கிறது. எடிட்டர் இதைப் படிக்கும்போதே எந்தப் பக்கத்தில் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

அனுப்புவதற்கு முன் அந்த இதழின் கடைசி நாலைந்து இஷ்யூவைப் புரட்டிப் பாருங்கள். போன மாதம்தான் அவர்கள் அதே விஷயத்தைப் போட்டிருப்பார்கள்.

4. அனுப்பினேன், பதிலே வரலை. எத்தனை நாள் காத்திருக்கலாம்?

வார இதழுக்கு ஒரு வாரம், மாத இதழுக்கு ஒரு மாதம். அப்புறம் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், ‘இதை வேறு இதழுக்கு அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால், இரண்டு கதவும் மூடிக்கொள்ளும்.

5. எடிட்டர் என் கட்டுரையைப் பாதியா வெட்டிட்டாரு. சண்டை போடலாமா?

எதற்காக வெட்டினார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இடம்தான் காரணம். கடைசி நிமிஷத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கும், அல்லது படம் நன்றாக வந்துவிட்டது என்று பெரிதாக வைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் சண்டை போட்டால் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். வெட்டியதில் தகவல் தவறாகிவிட்டதா, ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போய் உட்கார்ந்துவிட்டதா, மறுப்புச் சொன்னவரின் பகுதி மட்டும் காணாமல் போய்விட்டதா? அப்படியிருந்தால் உடனே, எழுத்தில், இன்ன வரி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். திருத்தம் கேட்பது உங்கள் உரிமை, பொறுப்பும்கூட.

வெட்டாத முழு வடிவத்தைத் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஏன் என்பது 9ஆம் கேள்வியில் வருகிறது.

6. பேட்டியை போன்லயே ரெக்கார்ட் பண்ணிடறேன். அப்புறம் நோட்டு எதுக்கு?

ரெக்கார்டிங்கில் பேச்சு மட்டும்தான் இருக்கும். ‘மகனைப் பற்றி எனக்குக் கவலையில்லை’ என்று ஓர் அம்மா சொல்லும்போது, அவர் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது அதில் பதிவாகாது. சுவரில் போன வருஷ காலண்டர் தொங்கியது, கணவர் பேச வாயெடுத்ததும் அவர் குரல் தணிந்தது, நீங்கள் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு எழுந்த பிறகு வாசலில் நின்று அவர் சொன்ன இரண்டு வாக்கியம், இவையெல்லாம் நோட்டில்தான் வர முடியும். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாவது எழுதிவிடுங்கள். ராத்திரி எழுதலாம் என்று விட்டால் பாதி போய்விடும், மீதிப் பாதியை நாமே நயமாக மாற்றிவைத்திருப்போம்.

நோட்டின் முதல் பக்கத்தில் தொடங்கிய தேதி, முடித்த தேதி. ஒவ்வொரு சந்திப்புக்கும் இடம், நேரம், உடன் இருந்தவர்கள். பெயரை அவர்களையே எழுதித்தரச் சொல்லுங்கள். இனிஷியல், ஊர்ப் பெயர் எழுத்து, வயது இந்த மூன்றிலும்தான் அதிகம் தப்பு நடக்கும். நேரில் பார்த்ததை ஒரு மையிலும், பிறர் சொல்லக் கேட்டதை வேறு மையிலும் எழுதுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. நல்ல பழக்கம்.

கட்டுரை அச்சானதும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போட, வெளியான நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது. கிரிமினல் புகாருக்கு மூன்று ஆண்டு. இது சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டிய காலம். புத்தகம் எழுதுகிற எண்ணம் இருந்தால் நோட்டை எந்தக் காலத்திலும் தூக்கிப் போடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் நாம் சேர்த்துவைக்கிற ஒரே சொத்து அந்த நோட்டுகள்தான்.

7. சன்மானத்தை நம்பி வாழ முடியுமா? வெளிப்படையா சொல்லுங்க.

வெளியிலிருந்து எழுதுகிறவர் என்றால் முடியாது. சம்பளத்துக்கு இருப்பவர் வாழலாம், இறுக்கமாக. பல வருஷம் எழுதியவர்கள்கூட மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், வகுப்பு, திரைக்கதை உதவி என்று இரண்டாவது வருமானம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேலை உங்கள் எழுத்து நேரத்தைத் தின்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை அனுப்பும்போதே சன்மானம் எவ்வளவு, எப்போது வரும் என்று கேட்டுவிடுங்கள். வெளியான பிறகு கேட்டால் கடன் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஆண்டுத் தொகை வரம்பைத் தாண்டினால் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும். இதைச் செய்யாமல் விடுகிற எழுத்தாளர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

8. பத்திரிகையில வந்த என் கட்டுரைகளை நானே புத்தகமாப் போடலாமா? ரைட்ஸ் யாருக்கு?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். இதில்தான் வதந்தியும் அதிகம். நீங்கள் வெளியிலிருந்து எழுதி அனுப்பியவர் என்றால், பதிப்புரிமை உங்களுடையது. சன்மானம் வாங்கினீர்கள் என்பதால் மட்டும் அது இதழுக்குப் போய்விடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும்.

சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்குத்தான் ஆச்சரியமான பதில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பத்திரிகை ஊழியர்களுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலையின் பகுதியாக இதழுக்கென்று எழுதியதைப் பத்திரிகைகளில் வெளியிடுகிற உரிமை மட்டும்தான் நிறுவனத்துக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் எழுதியவரே. புத்தகமாக்குவது அந்த ‘மற்ற’வற்றில் வருகிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சேரும்போது நீட்டிய தாள்களில் ‘அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கே’ என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், கதை வேறு.

எழுத்து உங்களுடையது என்பதால் அதனோடு வந்த படங்களும் உங்களுடையவை ஆகிவிடாது. ஓவியரிடம், புகைப்படக்காரரிடம், இதழிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். தொடராக வந்தபோது மனதில் பதிந்த ஓவியங்கள் புத்தகத்தில் இல்லையே என்று வாசகர்கள் வருத்தப்படுவதற்குப் பல சமயம் இதுவும் ஒரு காரணம்.

9. அப்போ வந்ததையெல்லாம் அடுக்கி வெச்சாப் போதுமே, புத்தகம் ரெடி!

ஐம்பது வாரம், வாரம் தொள்ளாயிரம் சொல் என்றால் நாற்பத்தைந்தாயிரம் சொல். இருநூற்றைம்பது பக்கப் புத்தகம் ஒன்றுக்குக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் படித்துப் பாருங்கள், திணறும். வாரத் தொடர் எழுதும்போது போன வாரத்தை மறந்துவிட்டு வருகிறவருக்காக எழுதுகிறோம். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் அந்தப் பாத்திரம் யார் என்று ஒரு வரி, முடிவில் அடுத்த வாரம் வாங்க வைக்கிற ஒரு கொக்கி. ஏழு நாள் இடைவெளியில் இவை இனிக்கும். அடுத்தடுத்து இருபது தடவை வந்தால் வாசகர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆகவே முதல் வேலை, கொக்கிகளையும் நினைவூட்டல்களையும் எடுப்பது. ‘சமீபத்தில்’, ‘போன மாதம்’, ‘இன்றைய அமைச்சர்’ என்பதையெல்லாம் தேதியாகவும் பெயராகவும் மாற்றுவது.

இரண்டாவது வேலை பெரியது. இதழில் இரண்டு பக்கம்தான் இருந்தது என்பதற்காக எதையெல்லாம் விட்டீர்கள்? 6ஆம் கேள்வியில் சொன்ன நோட்டும், 5இல் சொன்ன வெட்டாத வடிவமும் இப்போதுதான் வெளியே வர வேண்டும். பாலம் இடிந்த கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். இதழில் அக்கரைக்காரர்களின் அவஸ்தை வந்திருக்கும். ஆனால் மனு கொடுத்தவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஒப்புகைச் சீட்டுகள் இருந்ததும், அவர் ஏன் ஊரில் யாரோடும் பேசுவதில்லை என்பதும் இடமில்லாமல் போயிருக்கும். புத்தகத்தின் முதல் அத்தியாயம் அங்கே இருக்கிறது. அச்சில் வந்தது வாசகருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வராமல் போனதற்காகத்தான் அவர் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறார்.

தொகுப்பு நூலே கூடாது என்று சொல்லவில்லை. தனித்தனிப் பத்திகள், நேர்காணல்கள் தொகுப்பாக நன்றாகவே நிற்கும். அப்போதும் தேர்ந்தெடுங்கள். எழுதிய எல்லாவற்றையும் போட்டால் அது கோப்பு.

10. வேலை பார்த்துக்கிட்டே புத்தகம் எழுத நேரம் எங்கே கிடைக்கும்?

கல்கி தன் வரலாற்று நாவல்களை, 1941இல் தொடங்கிய கல்கி இதழை நடத்திக்கொண்டே வாரத் தொடராக எழுதினார். அதைச் சொல்லி யாரையும் குற்ற உணர்ச்சிக்குள் தள்ளும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: அவர் புத்தகத்துக்கென்று தனி நேரம் தேடவில்லை, புத்தகத்தையே வேலைக்குள் கொண்டுவந்தார்.

நமக்கும் அது ஓரளவு முடியும். மூன்று வருஷத்தில் புத்தகமாக்கக்கூடிய ஒரு பெரிய பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீர், சிறை, சினிமா கொட்டகைகள், ஏதோ ஒன்று. அலுவலகம் அனுப்புகிற எந்த ஊருக்குப் போனாலும் அதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒருவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். எழுதத் தனியாக லீவு வேண்டும்தான், ஆனால் தேடலுக்கு வேண்டியதில்லை.

11. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா வார இதழ்க் கட்டுரைக்கு உதவுமா?

அபூர்வமாக. மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான், பதில் சொல்ல அவகாசம் 30 நாள். மழுப்பலான பதில் வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்கும் மேலே போக 90 நாள். அதற்குள் உங்கள் எடிட்டர் விஷயத்தையே மறந்திருப்பார். ஆனால் புத்தகத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஆதாரம் கிடைக்காது. ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வந்த மனுக்களின் பதிவேட்டு நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

12. பேர் போட்டு எழுதினா கேஸ் போடுவாங்களே, பயமா இருக்கு.

போடலாம். அவதூறு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம், சமூக சேவை என்று தண்டனை இருக்கிறது. உண்மையாக இருந்து, அதை வெளியிடுவது பொது நன்மைக்கானதாகவும் இருந்தால் அது விதிவிலக்கு. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், உண்மை மட்டும் போதாது. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள், ஆகவே நோட்டு.

பத்திரிகைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று நம்மூரிலிருந்தே வந்திருக்கிறது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் மிரட்டிய விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 1994இல் வந்த தீர்ப்பின் சாரம் இது: பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்கு ஒருவரைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பின்விளைவுக்கு நீங்கள் பொறுப்பு. தங்களைப் பற்றி எழுதப்போகிறார்கள் என்பதற்காக அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் மட்டும் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. பெயரை மாற்றிவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றையும் எழுதினால் அதுவும் அடையாளம்தான்.

சிரிப்புத் துணுக்குக்கும் வினை வந்திருக்கிறது. 1987இல் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக, உரிமை மீறல் என்று ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. மூன்று மாதத் தண்டனை. எதிர்ப்புக் கிளம்பியதில் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, பிற்பாடு ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். தொகை சின்னது, தீர்ப்பு பெரியது.

13. உண்மைச் சம்பவத்தைக் கதையா எழுதிட்டா தப்பிச்சிடலாம் இல்ல?

‘இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தெரிந்தவர்கள் படித்தவுடன் ‘அட, இது இன்னார்’ என்று கண்டுபிடித்துவிட முடியும் என்றால், அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. அதைவிடச் சிக்கல், கதை என்பதால் நீங்கள் சேர்த்த கற்பனைத் தப்புகளும் அவர் தலையில் போய் விழுவது. கட்டுரையாக எழுதியிருந்தால் ஆதாரத்தைக் காட்டலாம், சேர்த்துக்கொண்ட கற்பனைக்கு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்?

14. கட்டுரைக்காகப் பேசினவங்க சொன்னதைப் புத்தகத்துலயும் போடலாமா? திரும்பக் கேட்கணுமா?

அச்சில் வந்த வரிகளைப் பயன்படுத்தப் பொதுவாகத் தடையில்லை. அச்சில் வராமல் நோட்டில் இருப்பவற்றுக்குத் திரும்பக் கேளுங்கள் என்பது என் கட்சி. வார இதழ் ஒரு வாரத்தில் எடைக்குப் போய்விடும் என்று நினைத்துத்தான் பலர் பேசுகிறார்கள். புத்தகம் அவர்களுடைய பேரன் கைக்கும் போகும். நோட்டிலிருப்பவற்றை வாசித்துக் காட்டுங்கள், சிலர் ஒரு வரியை எடுக்கச் சொல்வார்கள். பலர் அன்றைக்குச் சொல்லாததைச் சொல்வார்கள். ‘எழுத வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுச் சொன்னது, வருஷங்கள் ஆனாலும் எழுத வேண்டாததுதான். சொன்னவர் இறந்துவிட்டாலும் குடும்பம் இருக்கிறது.

நிறுவனம் தடுக்குமா என்று கேட்பவர்களுக்கு: 8இல் சொன்ன மாதிரி, உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியக் காப்பு பற்றி ஏதாவது இருந்தால், எழுத ஆரம்பிக்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லி ஒரு மின்னஞ்சல் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

15. பதிப்பாளர் அக்ரிமெண்ட் குடுத்திருக்காரு. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடறது?

அக்ரிமெண்ட் கொடுத்தாரே, அதற்கே சந்தோஷப்படுங்கள். தமிழில் வாய்ப்பேச்சிலேயே புத்தகம் வந்துவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டப்படி, எழுத்தில் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது.

காலம் எவ்வளவு என்று பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமையை வாங்கிக்கொண்டு ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பிவிடும். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுதும்’, ‘இனி வரக்கூடிய எல்லா வடிவங்களிலும்’ என்ற சொற்களைக் கண்டால் பேனாவை மூடுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் இவற்றைத் தனித்தனியாகப் பேச வேண்டும். பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற உண்மைச் சம்பவ நூல்களை இப்போது வெப் சீரிஸ்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே கடைசி உரிமையைச் சும்மா கொடுக்காதீர்கள்.

ராயல்டி அச்சிட்ட விலையில் பத்து சதவீதம் என்பது பரவலான வழக்கம். ‘விற்பனைத் தொகையில்’ என்று எழுதியிருந்தால் கடைக்காரர்களுக்குத் தரும் கழிவு போன பிறகு வருவதில் கணக்கிடுவார்கள், பாதியாகக்கூடக் குறையும். முன்பெல்லாம் முதல் பதிப்பே ஆயிரம் பிரதி போடுவார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்ததில் நூறு, இருநூறாகப் போடுகிறார்கள். ஆகவே ‘மூன்றாம் பதிப்பு’ என்பதைப் பார்த்து மயங்காமல் எத்தனை பிரதி என்று கேளுங்கள். பொங்கலையொட்டி பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துகிற சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் புத்தகம் வருகிறதா, பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்குகிற நூலக ஆணைக்கு விண்ணப்பிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் புத்தக விற்பனை பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான் ஓடுகிறது.

16. ‘பணம் குடுங்க, போடறேன்’னு ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா?

அவர் அப்போது பதிப்பாளர் இல்லை, அச்சுச் சேவை தருகிறவர். சேவை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் விலைப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று பெரிய தொகை போட்டிருந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். இந்தியாவில் அது இலவசம், நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பணமும் வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதிக் கேட்டால் கண்டிப்பாகக் கூடாது.

17. புனைபெயர்ல எழுதினா ரைட்ஸ் போயிடுமா?

போகாது. பாதுகாப்புக் காலம்தான் மாறும். சொந்தப் பெயரில் எழுதியதற்கு வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். புனைபெயரில் எழுதி, யார் என்றே கடைசிவரை வெளியிடாவிட்டால், வெளியானதிலிருந்து 60 ஆண்டு. இன்னார்தான் அவர் என்று அதற்குள் வெளியே தெரிந்துவிட்டால் பழைய கணக்குக்கே வந்துவிடும். ஒப்பந்தத்தில் மட்டும் நிஜப் பெயரைப் போடுங்கள், ராயல்டி காசோலை புனைபெயரில் வந்து பயனில்லை.

18. அச்சுப் பத்திரிகையெல்லாம் நின்னுக்கிட்டு வருது. இப்போ போய் இதுல சேரலாமா?

நிற்கத்தான் செய்கிறது. கல்கியே 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. வார இதழில் சேர்ந்து அங்கேயே ஓய்வுபெறுகிற வாழ்க்கை இனி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் நாலாவது நாள் அக்கரைக்குப் போகிற வேலைக்குத் தாள் தேவையில்லை. போட்காஸ்ட், ஆவணப்படம், இணையத் தொடர் எல்லாவற்றுக்கும் அந்தக் கள வேலைதான் அடிப்படை. ஏ.ஐ. பற்றியும் இதையே கேட்கிறார்கள். இருக்கிற தகவலைக் கோத்துக் கொடுக்க அதனால் முடியும், டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார அதனால் முடியாது. வெறும் இணையத் தேடலில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

19. என் பழைய கட்டுரைகள் என்கிட்டயே இல்லை. ஆபீஸ்லயும் கிடைக்கலை. எங்கே தேடறது?

சென்னையில் கன்னிமாரா பொது நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டையும் முதலில் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி நூல்களும் இதழ்களும் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ரோஜா முத்தையா நூலகம் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் சேர்த்த சேகரிப்பிலிருந்து உருவானது. பழைய இதழ்கள் அங்கே நிறைய உண்டு.

‘2003 வாக்கில் வந்தது’ என்று போய் நின்றால் யாராலும் எடுத்துத்தர முடியாது. சன்மானம் வந்த வங்கிக் கணக்குப் பதிவைத் தேடினால் மாதம் தெரிந்துவிடும், அதற்கு முந்தைய இரண்டு மாத இஷ்யூக்களைக் கேளுங்கள். தீபாவளி மலரில் வந்திருந்தால் தனியாகச் சொல்லுங்கள், அவை வார இதழ் வரிசையோடு இருக்காது. பைண்டு செய்த தொகுதி என்றால் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போயிருக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு படம் எடுங்கள், மடிப்புக்குள் போன எழுத்துகளை அங்கேயே பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.